நெஞ்சில் வைத்த கை

பல சமயத்தவரும் பல நாட்டவரும் சேர்ந்து பணிபுரியும் இடங்களில், ஒருவர் மரியாதையெனக் கருதுவது மற்றவருக்கு அவமதிப்பாகத் தோன்றுவதுண்டு. சுவீடனின் உப்சாலா நகரில் மொழிபெயர்ப்பாளர் பணிக்கான நேர்காணலுக்குச் சென்ற முஸ்லிம் பெண்மணி ஒருவர், ஆடவர் நீட்டிய கையைப் பற்றாமல், தம் நெஞ்சில் கைவைத்து முகமன் கூறினார். நேர்காணல் அத்துடன் முடிந்தது.

ஆண், பெண் இருபாலரையும் சமமாக நடத்த வேண்டும் என்பது நிறுவனத்தின் வாதம். இருபாலரும் கூடியிருக்குமிடத்தில் அனைவருக்கும் இவ்வாறே முகமன் கூறுவதாக அவர் விளக்கினார். சமத்துவத்தை வலியுறுத்த நிறுவனத்திற்கு உரிமையுண்டு. ஆனால் அதைக் கைகுலுக்கியே காட்டவேண்டுமென வற்புறுத்தலாகாது என 2018-இல் தொழிலாளர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவருக்கு 40,000 குரோனர் இழப்பீடும் கிடைத்தது.

வழக்குமன்றம் எல்லோருக்கும் எட்டுவதில்லை. விலகி நிற்பதைப் பிறர் வெறுப்பென எண்ணாதபடி, முகமலர்ச்சியோடு காரணத்தை முன்னரே கூறிவிடும் பண்பை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம்.