தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்பது சென்னையைச் சேர்ந்த தமிழ் இசைக்குழு ஆகும். கானா, பறை ஆகியவற்றுடன் ராக், ராப் இசைகளைக் கலந்து சாதி எதிர்ப்புப் பாடல்களை இக்குழு பாடுகிறது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியில், இசையமைப்பாளர் டென்மாவின் ஒருங்கிணைப்பில் இது உருவானது. முதல் நிகழ்ச்சி 2018 சனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் நடைபெற்றது.

பெயர்

பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) ஒடுக்கப்பட்ட மக்களைச் சாதி பேதமற்றவர்கள் என்று அடையாளப்படுத்தினார். அக்கருத்தே குழுவின் பெயருக்கு அடிப்படை.

இசைக் கலப்பு

ராக் இசையில் நாட்டுப்புற இசையைக் கலப்பது புதியதன்று. 1950களில் அமெரிக்கத் தென்பகுதியின் கிராமிய இசையான கன்ட்ரியும் கறுப்பின மக்களின் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து ராக்கபில்லி பிறந்தது. 1970களில் சில கார்டுகளையும் வேகத்தையும் கோபத்தையும் மட்டுமே நம்பிய பங்க் ராக் எழுந்தது. கலிபோர்னியாவின் சோஷியல் டிஸ்டார்ஷன் என்னும் பங்க் குழு, 1990இல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தில் கன்ட்ரி, ராக்கபில்லி சாயலைச் சேர்த்தது. கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் 1963இல் புகழ்பெறச் செய்த 'ரிங் ஆஃப் ஃபயர்' பாடலும் அதில் புது வடிவில் இடம்பெற்றது. கலக இசை, உழைக்கும் மக்களின் பழைய பாட்டில் தன் வேரைத் தேடியதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பங்க் குழு அன்று. ஆயினும் அதன் வழியும் இத்தகையதே. கிதார், டிரம்ஸ் ஆகியவற்றுக்கு இணையாக வடசென்னைக் கானாவும் அதன் தாளக் கருவிகளும் ஒலிக்கின்றன. கானா, வடசென்னையின் உழைக்கும் மக்களிடையே வளர்ந்த பாட்டு. இறப்பு வீடுகளில் இரவு முழுவதும் பாடப்படுவது.

பறைக்கும் இத்தகைய பின்னணி உண்டு. சேலம், நாமக்கல் உள்ளிட்ட பகுதிகளின் சிற்றூர்களில் இழவு வீட்டிலும் திருவிழாவிலும் பறை ஒலிக்கும். ஆனால் அதை அடிப்பது குறிப்பிட்ட சாதியின் கட்டாயக் கடமையாகச் சுமத்தப்பட்டது. அடித்தவரும் கருவியும் இழிவாகக் கருதப்பட்டனர். கிதாருக்குச் சமமாகப் பறையை மேடையில் நிறுத்துவது அந்த இழிவை மறுக்கும் செயலாகும்.

பாடுபொருள்

இடஒதுக்கீடு, உணவு உரிமை, அம்பேத்கரின் சிந்தனை ஆகியவை முக்கியக் கருப்பொருள்கள். பாடநூல் நடையில் அல்லாமல், அன்றாடப் பேச்சுத் தமிழில் கேலியும் கேள்வியுமாகப் பாடல்கள் அமைந்துள்ளன.

பாடகர்கள்

பெரும்பாலும் ஆண்களே பாடிவந்த கானாவில் தனியிடம் பெற்ற இசைவாணி இக்குழுவின் பாடகர். இவரை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. பாடலாசிரியரும் ராப் பாடகருமான அறிவும் இக்குழுவின் வழியாகப் பரவலாக அறியப்பட்டவர்.