புராஸ்டேட் சுரப்பியின் அடையாளப் புரதங்கள்

ஆண்களின் மூத்திரப்பைக்குக் கீழே, மூத்திரக் குழாயைச் சூழ்ந்து, அக்ரூட் கொட்டையளவில் அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. வயது முதிர முதிரப் பலருக்கு இது பருத்துச் சிறுநீரைத் தடை செய்கின்றது. இப்பருமன் தீங்கற்றது. ஆயினும் அதே சுரப்பியில் புற்றுநோயும் தோன்றுவதுண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது எங்ஙனம்?

1938-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்களான அலெக்ஸாண்டர் கட்மன், எத்தெல் கட்மன் ஆகியோர், எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதி இரத்தத்தில் மிகுவதைக் காட்டினர். ஆனால் பரவாத நோயை அது பெரும்பாலும் காட்டிக் கொடுக்கவில்லை.

1979-இல் இச்சுரப்பித் திசுவினின்று மற்றொரு புரதம் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. பி.எஸ்.ஏ. எனப்படும் இது, விந்துவை நீர்மமாக்கும் நொதியாகும். நலமுள்ள உயிரணுக்களும் புற்றுநோய் உயிரணுக்களும் இதனைச் சுரக்கின்றன. திசுவின் அமைப்புச் சிதையும்போது இது இரத்தத்தில் கூடுதலாகக் கசிகின்றது. மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் எல்லை. எனினும் சுரப்பி பருத்தாலும் அழற்சியுற்றாலும் இவ்வளவு உயரும். எல்லைக்குள் இருப்பினும் புற்றுநோய் இருத்தல் கூடும். ஆகவே பி.எஸ்.ஏ. சுரப்பியின் அடையாளமேயன்றிப் புற்றுநோயின் அடையாளமன்று.

ஐயம் எழுமிடத்து, ஊசியால் சிறு திசுத் துணுக்குகளை எடுத்து மைக்ராஸ்கோப்பில் ஆராய்வர். தீங்கற்ற சுரப்பிக் குழல்களில் இரண்டு அடுக்குகள் உள்ளன: உள்ளே சுரக்கும் உயிரணுக்கள், வெளியே அவற்றைத் தாங்கும் அடித்தள உயிரணுக்கள். புற்றுநோயில் வெளியடுக்கு மறைந்துவிடுகின்றது. அடித்தள உயிரணுக்களில் பி63 என்னும் புரதமும், மூலக்கூற்று எடை மிகுந்த கெரட்டினும் உண்டு. இவற்றைப் பற்றும் எதிர்ப்பொருள்களைச் செலுத்தி நிறமேற்றினால், தீங்கற்ற குழலைச் சுற்றி நிற வளையம் தோன்றும். புற்றுநோய்க் குழலைச் சுற்றித் தோன்றாது. மாறாக, ஏ.எம்.ஏ.சி.ஆர். என்னும் நொதி புற்றுநோய் உயிரணுக்களில் பெரும்பாலும் மிகுந்து காணப்படும்.

இச்சோதனைகளும் பிழைக்கு அப்பாற்பட்டவையல்ல. தீங்கற்ற சில குழல்களில் அடித்தள அடுக்கு அங்கங்கே அறுபட்டிருக்கும், ஏ.எம்.ஏ.சி.ஆர். சில தீங்கற்ற மாறுதல்களிலும் தென்படும். துணுக்கில் ஐயத்திற்குரிய குழல்கள் சிலவே இருக்கையில், தவறான முடிவு ஒருவரை வேண்டாத சிகிச்சைக்கு உட்படுத்தலாம். அல்லது வேண்டிய சிகிச்சையைத் தாமதப்படுத்தலாம். எனவே திசுவின் வடிவத்தையும் பல நிறமேற்றங்களையும் ஒருங்கே நோக்கியே முடிவு செய்வர்.

கிராமங்களில் பணிபுரிவோரும் ஆசிரியர்களும் மக்களுக்கு உணர்த்தத்தக்கது இது: சிறுநீர்த் தடையை முதுமையின் இயல்பெனப் புறக்கணித்தல் தகாது, இரத்தச் சோதனையின் ஓர் எண்ணைக் கண்டு அஞ்சுதலும் தகாது. இரண்டிலும் மருத்துவரை நாடுவதே நன்று.