கடல் தாண்டும் முன் சாவியைக் கேட்போம்

செம்மண்டலத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவர்கள் சிலர் அண்மையில் ஒரு யோசனையோடு வந்தார்கள். "லீவுல யாழ்ப்பாணம் போய், ஏதாவது ஒரு கிராமத்து வாசிகசாலைக்குப் புத்தகம் அடுக்கி, பட்டியல் போட்டுக் கொடுத்துட்டு வரலாமா அண்ணா?"

காலனியில் பிறந்து, குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கும் பிள்ளைகள். நம்மை வாங்கும் கையாகவே பார்த்துப் பழகிய ஊரிலிருந்து, கொடுக்கும் கையாகப் புறப்பட நினைக்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் போகிற இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள் என்றோம்.

யாழ்ப்பாணம் பொது நூலகம் அரசாங்கம் தூக்கிக் கொடுத்ததல்ல. 1933இல் க.மு.செல்லப்பா என்பவர் தம் வீட்டில் நூல்களைச் சேர்த்துத் தொடங்கியது. மறு ஆண்டு வாடகை அறைக்கு வந்தபோது அங்கிருந்தவை 844 நூல்கள். பின்னர் எழுந்த பெரிய கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன். ஆலோசனை சொன்னவர் எஸ்.ஆர்.ரங்கநாதன், கொள்ளிடத்துக்கு அக்கரையில், நம் பக்கத்துச் சீர்காழியில் 1892இல் பிறந்தவர். ஆக, நம் பகுதிக்கும் அந்த நூலகத்துக்கும் உறவு புதிதல்ல. 1959இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 1981 மே 31 நள்ளிரவையொட்டிக் கொளுத்தப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின.

எரித்தவர்களைப் பற்றிப் பேசும் நாம் இன்னொன்றையும் பேச வேண்டும். புதுப்பித்த நூலகத்தைத் திறக்க 2003 பிப்ரவரியில் நாள் குறித்தார்கள். அப்போதைய மேயர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர். எதிர்ப்பு கிளம்பியது, விழா நின்றது. மேயரும் உறுப்பினர்கள் பெரும்பாலோரும் பதவி விலகினார்கள். அரசியலே காரணம் என்பார் ஒரு சாரார். சாதியே காரணம் என்பார் மறு சாரார். கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைவதற்கே ஒடுக்கப்பட்டவர்கள் போராட வேண்டியிருந்த மண்ணில் அந்தக் கேள்வி எழாமல் எப்படி இருக்கும்? கே.டானியலின் 'பஞ்சமர்' நாவலைப் படித்தவர்களுக்கு இது புரியும்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியது 1916இல். நூறாண்டு கடந்துவிட்டது. 1948இலேயே நூலகச் சட்டம் கண்ட மாநிலம் நம்முடையது. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். 2006இல் வந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன.

மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்டோம். உங்கள் ஊராட்சி நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது? சாவி யாரிடம் இருக்கிறது? காலனிப் பிள்ளை போய்ச் சாவி கேட்டால் கிடைக்குமா? கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: "அது நூலகம்னே எனக்குத் தெரியாதுண்ணா. யூரியா மூட்டை அடுக்கியிருப்பாங்க."

நூல் பூட்டி வைப்பதற்கல்ல, எடுத்துப் படிப்பதற்கே என்பது ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவது. யார் வந்தாலும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. தெரு பார்த்துத் திறக்கும் கதவு இரண்டையுமே மீறுகிறது.

கடைசியில் பிள்ளைகளே ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவரவர் ஊரில் அடுத்த கிராம சபையில் நூலகத்தைத் திறக்கச் சொல்லி மனு கொடுப்பது. கதவு திறந்தால் தூசி தட்டி, நூல்களுக்கு எண் போட்டு, பதிவேடு எழுதுவது. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் தன்னார்வலர்களைக் கொண்டு மின்வடிவாக்கிவரும் 'நூலகம்' இணையத் தளத்தைப் பார்த்து, அந்த வேலை எப்படி நடக்கிறது என்று படித்துக்கொள்வது. அதன் பிறகு யாழ்ப்பாணம்.

போகட்டும், அவசியம் போகட்டும். அங்கே போய், இந்த வாசிகசாலையின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கட்டும். அதே கேள்வியைச் சொந்த ஊரில் கேட்டுவிட்டு வந்தவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.