மருத்துவரின் ஐயமும் மகானின் புன்னகையும்

பகவான் ஸ்ரீராமகிருஷ்ண பரமஹம்சர் தொண்டைப் புற்றுநோயால் துன்புற்ற காலம் அது. 1885ஆம் ஆண்டு அடியார்கள் அவரைத் தட்சிணேசுவரத்திலிருந்து கல்கத்தாவுக்கு அழைத்து வந்து, ஷியாம்புகூரில் ஒரு வாடகை வீட்டில் தங்கவைத்தனர். அன்னை காளியுடன் உரையாடியவர் என்று போற்றப்பெற்ற அம்மகானுக்கு மருத்துவம் பார்க்க அவர்கள் யாரை அழைத்தார்கள் தெரியுமா? எதையும் சோதித்துப் பாராமல் ஏற்காத டாக்டர் மகேந்திரலால் சர்க்காரை!

சர்க்கார் சாமானியர் அல்லர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பட்டம் பெற்றவர். தொடக்கத்தில் ஹோமியோபதியைக் கடுமையாக எதிர்த்தார். பின்னர் அம்முறையில் சிகிச்சை பெற்றோரை நேரில் கண்டு ஆராய்ந்து, தம் கருத்தை மாற்றிக்கொண்டதாக 1867இல் வெளிப்படையாக அறிவித்தார். அம்முறை சரியா, தவறா என்பது வேறு வாதம். தமக்கு உண்மை என்று பட்டதைச் சொன்னதற்காகச் சக மருத்துவர்களின் பகையையும் வருமான இழப்பையும் அவர் ஏற்றார் என்பதே இங்குக் கருதத்தக்கது. இந்தியர்கள் தாமே அறிவியல் ஆய்வு செய்யவேண்டும் என்று 1876இல் ஒரு சங்கத்தையும் நிறுவினார். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், 1928இல் தமது புகழ்பெற்ற கண்டுபிடிப்பை நிகழ்த்தியது அந்தச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில்தான்.

அத்தகையவர் பரமஹம்சரின் படுக்கையருகே வந்து அமர்ந்தார். ஒரு மனிதரை அவதாரம் என்று வணங்குவது தகாது என அடியார்களிடம் நேருக்கு நேர் வாதிட்டார். அடியார்கள் சிலர் வருந்தினர். பரமஹம்சரோ புன்னகையுடன் கேட்டிருந்தார். அவருக்கு ஐயம் புதிதன்று. முன்னொரு நாள் இளைஞர் நரேந்திரர், பணத்தைத் தீண்டமாட்டார் என்பது மெய்தானா என்று அறிய, அவரது படுக்கையின் அடியில் ஒரு நாணயத்தை மறைத்து வைத்தார். வந்து அமர்ந்தவர் வலியால் துடித்து எழுந்தார். செய்தி அறிந்தபோது சினக்கவில்லை. சோதித்தது நன்று என்றே மகிழ்ந்தார். அந்த நரேந்திரரே பின்னாளில் விவேகானந்தர் ஆனார்.

அவ்வாண்டு துர்கா பூஜையின்போது பரமஹம்சர் சமாதியில் ஆழ்ந்தார். சர்க்கார் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். இதயத் துடிப்பு கேட்கவில்லை. உடனிருந்த மற்றொரு மருத்துவர் திறந்திருந்த விழியை விரலால் தொட்டார்; இமை அசையவில்லை. இதற்குத் தம் சாத்திரத்தில் விளக்கம் இல்லை என்று அவர்கள் ஒப்புக்கொண்டதாகச் சீடர்கள் எழுதிவைத்துள்ளனர். ஆயினும் சர்க்கார் அவதாரக் கொள்கையை ஏற்றுவிடவில்லை. அறியாததை அறியாதது என்று சொன்னதோடு நின்றார். அதுவும் ஒரு நேர்மை அன்றோ!

தம் உடல் தேற வேண்டும் என்று மனத்தைச் செலுத்துமாறு ஒரு பண்டிதர் வேண்டியபோது, இறைவனுக்குக் கொடுத்த மனத்தை இந்தக் கூட்டின்மேல் திருப்புவது எங்ஙனம் என்று பரமஹம்சர் மறுத்தார். அற்புதத்தை நாடாத அவர், மருத்துவர் தந்த மருந்தை மறுக்காமல் உண்டார். சர்க்காரோ கட்டணம் வாங்க மறுத்து, பல மணி நேரம் அவரருகே அமர்ந்திருந்தார்.

1886 ஆகஸ்டு 16 அன்று காசிப்பூர்த் தோட்ட இல்லத்தில் பரமஹம்சர் மகாசமாதி அடைந்தார். அன்று வந்த சர்க்கார், புகைப்படம் எடுக்கப் பத்து ரூபாய் கொடுத்துச் சென்றார். அவதாரம் என்று ஏற்காதவரின் அன்பு அது.

மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தத் தாயத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று எவரேனும் சொன்னால், ஷியாம்புகூர் வீட்டை நினைத்துக்கொள்வோம். மெய்யான மகான் சோதனைக்கு அஞ்சுவதில்லை, மருந்தையும் விலக்குவதில்லை. கேள்வி கேட்பதால் பக்தி குறைவதுமில்லை. உரைத்துப் பார்ப்பதால் பொன்னுக்குக் குறை ஏது?