விமானம் ஏறும் முன் பர்ஸில் என்ன இருக்கணும்?

சேலையூரில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா, மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போனார். பத்தியப் பொடி, நல்லெண்ணெய், குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி என்று ஒரு மாதம் பட்டியல் போட்டு மூட்டை கட்டினார். பணத்துக்கு மட்டும் பட்டியல் இல்லை. "அதான் ஏ.டி.எம் கார்டு இருக்கே" என்று சொல்லிவிட்டார். அங்கே போனதும் அந்த ஊர் சிம் கிடைக்கும் என்பதால், நம்ம ஊர் சிம்மைக் கழற்றிப் பூஜை அறையில் குங்குமச் சிமிழுக்குள் பத்திரமாக வைத்துவிட்டுக் கிளம்பினார்.

நாலாம் நாள் மகள் மருத்துவமனையில். மருமகன் கூடவே இருக்கிறார். இந்த அம்மா தனியாக மருந்துக்கடைக்குப் போய் அட்டையை நீட்டினால், இயந்திரம் ஏற்கவில்லை. வெளிநாட்டுப் பயன்பாடு இயக்கப்படாத அட்டை அது. அலைபேசியில் இயக்கலாம் என்று பார்த்தால், வங்கிச் செயலி பதிவு செய்த சிம்மைத் தேடுகிறது. சிம்மோ சேலையூரில், குங்குமச் சிமிழில்! கணக்கில் பணம் இருந்தும், திரும்பி வரும்வரை சின்னச் செலவுக்குக்கூட மருமகனிடம் கேட்க வேண்டியதாகிவிட்டது. "பேரனுக்கு ஒரு கிலுகிலுப்பை வாங்கக்கூட மாப்பிள்ளை கையை எதிர்பார்த்தேன்" என்று அவர் சொன்னபோது வருத்தம் அந்தக் காசைப் பற்றியது அல்ல என்பது புரிந்தது.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம். தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், அடுத்தது திரிசூலம்; எதிரே விமான நிலையம். பாஸ்போர்ட் சேவை மையமும் தாம்பரத்திலேயே இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் எல்லாம் இருப்பதால் "பணத்தை ஏர்போர்ட்ல பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். பண விஷயத்தில் விமான நிலையம்தான் கடைசி இடமாக இருக்க வேண்டும். வேலையை வீட்டிலேயே, குறைந்தது ஒரு வாரம் முன்னாடி முடிக்க வேண்டும்.

முதலில் அலைபேசி

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி, புதிதாக வழங்கப்படும் அட்டைகள் இந்தியாவுக்குள் ஏ.டி.எம்-மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாடு, ஆன்லைன், தொட்டால் பணம் போகும் வசதி ஆகியவற்றை வாடிக்கையாளர்தான் தனித்தனியாக இயக்க வேண்டும். 2020 அக்டோபர் முதல் இதுதான் நடைமுறை. அட்டையைத் திருடியவன் வெளிநாட்டில் தேய்த்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு இது. நாம் மறந்தால் நமக்கே பூட்டு.

வங்கிச் செயலியில் அட்டைகள் பகுதிக்குள் போங்கள். 'இன்டர்நேஷனல்' என்ற பிரிவில் ஏ.டி.எம், கடை, ஆன்லைன் என்று தனித்தனி பொத்தான்கள் இருக்கும். ஏ.டி.எம்-மையும் கடையையும் இயக்கி, ஒரு நாள் வரம்பையும் உங்கள் தேவைக்கு ஏற்றபடி வையுங்கள். ஊர் திரும்பியதும் அணைத்துவிடலாம்.

அட்டையின் முகப்பையும் ஒரு தடவை பாருங்கள். ஓய்வூதியக் கணக்குகளில் பலருக்கும் ரூபே அட்டைதான் கொடுத்திருப்பார்கள். எல்லா ரூபே அட்டையும் வெளிநாட்டில் ஓடாது. 'குளோபல்' வகை என்றால் ஓடும். சந்தேகம் இருந்தால் கிளையில் கேட்டு, தேவைப்பட்டால் வேறு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது தபாலில் வர நாளாகும்.

அடுத்தது சிம். ஓ.டி.பி வருவது பதிவு செய்த எண்ணுக்குத்தான். அதனால் நம்ம ஊர் சிம் உங்களோடு வர வேண்டும், அதில் ரோமிங் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு சிம் போடும் அலைபேசியாக இருந்தால் ஒன்றில் இது, இன்னொன்றில் அந்த ஊர் சிம். நம்ம சிம்மில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். இல்லையென்றால் பில் எகிறிவிடும். வங்கியின் 1800 எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது. +91 என்று தொடங்கும் எண்ணைத் தேடி அலைபேசியிலும், ஒரு துண்டுக் காகிதத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். அலைபேசியே தொலைந்தால் காகிதம்தான் பேசும்.

கையில் எவ்வளவு நோட்டு?

சட்டம் தரும் இடம் தாராளமானது. ஒரு நிதியாண்டில் ஒருவர் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாம், அனுப்பலாம். ஆனால் அதில் நோட்டாகக் கையில் எடுத்துப்போவது, பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான். மீதி அட்டையாக இருக்க வேண்டும். நம்ம ரூபாய் நோட்டு 25,000 வரை எடுத்துப்போகலாம். திரும்பி வந்து திரிசூலத்திலிருந்து வீட்டுக்கு ஆட்டோ பிடிக்கவாவது கொஞ்சம் வேண்டுமே. நேபாளம், பூடான் போகிறவர்களுக்கு விதி வேறு. அங்கே செலவுக்கு டாலர் தர மாட்டார்கள், நம்ம ரூபாய்தான்.

வரம்பு 3,000 என்பதற்காக அவ்வளவும் நோட்டாக வாங்க வேண்டியதில்லை. என் கணக்கு இது: விமான நிலையத்திலிருந்து தங்கும் இடம் போய்ச் சேர, அட்டையே வேலை செய்யாமல் போனாலும் மூன்று நாள் சாப்பிட்டு நடமாட எவ்வளவு ஆகுமோ, அவ்வளவு. மகன் மகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு அதைவிடக் குறைவே போதும்.

வாங்கும் இடம் முக்கியம். வங்கி, அல்லது ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற நாணய மாற்று நிறுவனம். எல்லா வங்கிக் கிளையிலும் வெளிநாட்டு நோட்டு இருப்பு இருக்காது. போகும் முன் போன் போட்டுக் கேளுங்கள். பாஸ்போர்ட், பான், பயணச்சீட்டு, விசா நகல் கேட்பார்கள். பயணத் தேதி 60 நாளுக்குள் இருக்க வேண்டும். 50,000 ரூபாய் வரைதான் ரொக்கமாகக் கொடுத்து வாங்கலாம். அதற்கு மேல் என்றால் காசோலை, வங்கிப் பரிமாற்றம், அட்டை.

விலைப்பலகையைப் படிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 'வாங்கும் விலை' என்றால் கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை. நமக்குத் தருவது 'விற்கும் விலை', அது எப்போதும் கூட இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் விற்கும் விலையை மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள். டாலருக்கு இரண்டு ரூபாய் வித்தியாசம் என்றால் ஆயிரம் டாலருக்கு 2,000 ரூபாய். விமான நிலையத்துக்குள் விலை பொதுவாக இன்னும் கசக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்களுக்கு வேறு கடை கிடையாது என்று அவர்களுக்குத் தெரியும். 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம். கமிஷன் விலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ஜி.எஸ்.டி தனி. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால், தொகையில் ஒரு சதவீதத்தை மதிப்பாகக் கொண்டு அதன் மேல் 18 சதவீதம். அந்த மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையாது. ஆக 20,000 ரூபாய்க்கு வாங்கினால் வரி 45 ரூபாய், 50,000 ரூபாய்க்கு 90 ரூபாய். இதைவிடப் பெரிதாக 'வரி' என்று யாராவது சொன்னால் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எந்த அட்டை?

ஃபாரெக்ஸ் அட்டை என்பது முன்பணம் போட்டு வைக்கும் அட்டை. வாங்கும் நாளின் விலையில் வெளிநாட்டுப் பணம் அதில் ஏறிவிடும்; பிறகு ரூபாய் சரிந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை. உங்கள் சேமிப்புக் கணக்கோடு அதற்குத் தொடர்பு இல்லாததால், திருடு போனாலும் அட்டையில் இருக்கும் அளவுக்குத்தான் ஆபத்து. வெளிநாடு போகும் பெற்றோருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் ஒரு கண்ணி: எந்த நாட்டுப் பணம் ஏற்றினீர்களோ அங்கே செலவழித்தால்தான் லாபம். அமெரிக்க டாலர் ஏற்றிய அட்டையைச் சிங்கப்பூரில் தேய்த்தால் பல அட்டைகளில் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள்.

சாதாரண டெபிட், கிரெடிட் அட்டைகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 'மார்க்-அப்' என்று பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கின்றன, அதன் மேல் ஜி.எஸ்.டி. ஓட்டல், வாடகைக் கார் முன்பணத்துக்கு கிரெடிட் அட்டை வசதிதான். அதை ஏ.டி.எம்-மில் மட்டும் போடாதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். டெபிட் அட்டையில் எடுத்தாலும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் உண்டு, தாய்லாந்து மாதிரி நாடுகளில் அந்த ஊர் இயந்திரமும் தன் பங்குக்கு ஒரு தொகை பிடிக்கும். அதனால் நூறு நூறாக எடுக்காமல் ஒரே தடவை எடுப்பது நல்லது.

கடையில் இயந்திரம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: 'இந்திய ரூபாயில் கட்டவா, இந்த ஊர் பணத்தில் கட்டவா?' ரூபாயைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி விரல் அங்கே போகும். போக விடாதீர்கள். ரூபாயை அழுத்தினால் மாற்று விலையை அந்தக் கடையின் இயந்திர நிறுவனம் வைக்கும், அது பெரும்பாலும் நமக்கு நஷ்டம். அந்த ஊர் பணத்தையே அழுத்துங்கள். ஏ.டி.எம்-மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்.

யு.பி.ஐ வேலை செய்யுமா?

சில நாடுகளில் செய்யும். 2024 பிப்ரவரியில் இலங்கையிலும் மொரீஷியஸிலும் கியூ.ஆர் வழியாக யு.பி.ஐ தொடங்கியது. அதே மாதம் பாரிஸில் ஐஃபெல் கோபுரத்துக்கும் வந்தது. பூடான், நேபாளம், சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகத்திலும் குறிப்பிட்ட கடைகளில் உண்டு. செயலிக்குள் 'யு.பி.ஐ இன்டர்நேஷனல்' என்பதைத் தனியாக இயக்க வேண்டும், அதற்கும் நம்ம ஊர் சிம் வேண்டும். கொழும்பில் பெரிய கடையில் ஸ்கேன் ஆகும், தெருவோரம் இளநீர் விற்பவரிடம் ஆகாமல் போகலாம். கூடுதல் வசதியாக வைத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் நம்பி விமானம் ஏறாதீர்கள்.

சிங்கப்பூரில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இன்னொன்று. 2023 பிப்ரவரி 21 முதல் யு.பி.ஐ-யும் அங்குள்ள பே-நவ்-வும் இணைக்கப்பட்டு, ஆளுக்கு ஆள் பணம் அனுப்ப முடிகிறது. தொடங்கும்போதே நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இரண்டும் அதில் இருந்தன.

வேண்டவே வேண்டாதவை

"நீங்க இங்க என் தம்பிகிட்ட ரூபாயைக் கொடுங்க, அங்க நம்ம பையன் வெள்ளியா கொடுத்துடுவான், விலையும் நல்ல விலை" என்று யாராவது சொல்வார்கள். இதுதான் உண்டியல். அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், 1999-இன்படி குற்றம். ரசீது இல்லை, ஏமாந்தால் புகார் கொடுக்கவும் முடியாது. மகன் தன் வீட்டில் அம்மா அப்பாவை வைத்துச் செலவு செய்வதை இதோடு குழப்ப வேண்டாம். அது சம்பந்தமே இல்லாத விஷயம்.

விமான நிலைய வரிசையில் முன்பின் தெரியாதவர் ஒரு கவரைக் கொடுத்து "வெளியில என் ஆள் வாங்கிப்பான்" என்றால், குருவி வேலைக்கு உங்களைப் பிடிக்கிறார் என்று பொருள். எவ்வளவு கெஞ்சினாலும் வாங்காதீர்கள்.

பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரல் முதல், ஒரு நிதியாண்டில் ஒரு பான் எண்ணில் வெளிநாட்டுக்குப் போகும் தொகை பத்து லட்சத்தைத் தாண்டினால்தான் டி.சி.எஸ் பிடிப்பார்கள். சாதாரணப் பயணி அவ்வளவு தொட மாட்டார். ஆனால் அப்பா பெயரில் ஏற்கெனவே கட்டணம் ஒன்பதரை லட்சம் போயிருந்தால், அவர் பயணத்துக்கு வாங்கும் ஃபாரெக்ஸ் அட்டையும் அதே கணக்கில் சேரும். பத்து லட்சத்தைத் தாண்டும் பகுதிக்கு 20 சதவீதம் பிடிக்கப்படும். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம்தான், ஆனால் அதுவரை பணம் முடங்கும். அம்மாவின் கணக்கில் பணம் இருந்தால், அவர் அட்டையை அவரது பான் எண்ணிலேயே வாங்குவது சரி.

தொலைந்துவிட்டால்

நோட்டு, ஃபாரெக்ஸ் அட்டை, இன்னொரு அட்டை மூன்றையும் ஒரே பர்ஸில் வைக்காதீர்கள். ஒன்று கைப்பையில், ஒன்று தங்கும் இடத்தில். கணவன் மனைவி சேர்ந்து போனால் ஆளுக்கொன்று. அட்டை காணாமல் போனால் முதல் வேலை செயலியில் அதை முடக்குவது, இரண்டாவது வங்கிக்குச் சொல்லிப் புகார் எண் வாங்குவது. வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாமல் நடந்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஓ.டி.பி-யை நாமே யாருக்காவது சொல்லியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448.

திரும்பி வந்த பிறகு

மிச்சமான வெளிநாட்டு நோட்டில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருப்பதை 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற நிறுவனத்திலோ மாற்றிவிட வேண்டும். அப்போது பார்க்க வேண்டியது 'வாங்கும் விலை'. ஃபாரெக்ஸ் அட்டையில் மீதி இருந்தால், அடுத்த பயணம் பக்கத்தில் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். சில அட்டைகளில் பயன்படுத்தாமல் கிடந்தால் கட்டணம் கழிப்பார்கள். வெளிநாட்டு நாணயங்களுக்கு மட்டும் வரம்பே இல்லை. சேலையூர் அம்மாவின் குங்குமச் சிமிழில் இப்போது சிம்முக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு சிங்கப்பூர்க் காசு கிடக்கிறது, அடுத்த முறை பேருந்துக்கு ஆகுமாம்.