மூடாத குழாயும் ஒரு திருகாணியும்

எங்கள் தெருவில் சலவைத் துணி தேய்க்கும் தம்பதியின் ஆறு வயது மகளுக்கு அடிக்கடி சளி பிடிக்கும். சற்று ஓடினாலும் மூச்சு வாங்கும். 'சவலைப் பிள்ளை' என்றுதான் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அவள் அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த ஆண்டு, அங்கு வந்த மருத்துவக் குழுவினர் இடப்புறக் காறையெலும்புக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோதுதான் உண்மை புலப்பட்டது. இயந்திரம் ஓடுவதைப் போன்ற இடைவிடாத இரைச்சல் அங்கே கேட்டது. எடின்பரோ மருத்துவர் ஜார்ஜ் கிப்சன் 1900-ஆம் ஆண்டிலேயே விவரித்த ஓசை அது.

கருவிலிருக்கும் சிசு நுரையீரலால் சுவாசிப்பதில்லை. எனவே, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு சிறு குழாய், ரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பாமல் உடலுக்குத் திருப்பி விடுகிறது. பிறந்து மூச்சு விடத் தொடங்கியதும் அதற்கு வேலையில்லை. நிறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூன்று நாள்களுக்குள் சுருங்கி மூடிவிடும். மூடாமல் நின்றுவிட்டால், அழுத்தம் மிகுந்த மகாதமனியிலிருந்து ரத்தம் ஓயாமல் நுரையீரலுக்குள் பாய்கிறது. 'பிடிஏ' என்று மருத்துவர்கள் சுருக்கமாகக் குறிப்பிடும் இக்குறையில், துளை பெரிதாக இருந்து ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாவிட்டால், நுரையீரல் நாளங்கள் தடித்து, அழுத்தம் உயர்ந்து, ரத்தம் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கும். அந்நிலையில் குழாயை மூடுவதே உயிருக்கு ஆபத்து. காலம் கடந்தால் பணமிருந்தும் பயனில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை என் பொருளியல் வகுப்புகளில் நான் தந்ததில்லை.

1938-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் என்ற இளம் அறுவை மருத்துவர், ஏழு வயதுச் சிறுமியின் மார்பைத் திறந்து இக்குழாயைக் கட்டி மூடினார். மார்பைத் திறக்காமலேயே கதீட்டர் வழியாக அடைக்கும் முறையை 1967-இல் உலகுக்கு அறிவித்தவர் கிழக்கு பெர்லினின் வெர்னர் போர்ஸ்ட்மன். இன்று பரவலாகப் பயன்படும் அடைப்பான், நிக்கலும் டைட்டானியமும் கலந்த நிட்டினால் கம்பியால் பின்னப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வகத்தில் பிறந்த உலோகம் இது! எவ்வளவு நசுக்கினாலும் விடுபட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும்.

தொடையிடுக்கின் சிரை வழியாகச் செலுத்தப்படும் கதீட்டர், இதயத்தின் வலப்பகுதியைக் கடந்து, அக்குழாயினூடே மகாதமனியை எட்டுகிறது. அங்கே அடைப்பானின் தட்டு விரிகிறது. மெல்லப் பின்னிழுத்தால் எஞ்சிய பகுதி குழாய்க்குள் விரிந்து பொருந்துகிறது. அதன் பிறகும் அது ஒரு கம்பியில் திருகாணிபோல் பிணைந்தே இருக்கும். சரியாக அமரவில்லையென்றால் உள்ளிழுத்துக் கொள்ளலாம். திருகைக் கழற்றிய பின்னரே அது தனித்து நிற்கும். "கழட்டினப்புறம் நழுவிடாதா சார்?" என்று தாய் என்னிடம் கேட்டார். அரிதாக அப்படி நேர்வதுண்டு என்பதை மறைக்காமல் சொன்னேன். அளவு பார்த்துத் தேர்ந்தெடுப்பதும், கழற்றுமுன் சாயம் செலுத்திச் சரிபார்ப்பதும் அதற்காகத்தான்.

செலவில் பெரும்பங்கு அந்த அடைப்பானின் விலைதான். அதை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏற்றுக்கொண்டது. என்னை உறுத்துவது வேறொன்று. 2013-இல் தொடங்கிய மத்திய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தில், மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் செல்கின்றன. இச்சிறுமியோ மூன்று வயது முதல் ஒரு சிறிய தனியார் மழலையர் பள்ளியில் படித்தவள். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்திய அந்த ஆண்டுகளில், அவள் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைக்க எவரும் அங்கே வரவில்லை. கட்டணம் கட்ட முடியாமல் போனதால்தான் அவள் அரசுப் பள்ளிக்கு வந்தாள்.

இரண்டாம் நாள் வீடு திரும்பினாள். ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் கசிவு இல்லை. தெருமுனையில் வேறு இரு குழந்தைகளுடன் அவள் ஓடுவதைப் பார்க்கிறேன். அவ்விருவரும் தனியார் பள்ளி மாணவர்கள்.