கடன் மட்டும் கடையை நடத்தாது

சில வாரங்களுக்கு முன்னர் ஒரு வாலிபர் என் கடைக்கு வந்தார். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் சிறிதாக ஒரு தையல் கடை போடுவது அவர் எண்ணம். "கையில தொழில் இருக்கு நானா. ஒரு இலட்சம் ரூபா கிடைச்சாப் போதும்" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. 2013இல் நானும் இதே வார்த்தையைத்தான் இன்னொருவரிடம் சொல்லியிருந்தேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ் முஸ்லிம்களை வெளியேற்றிய கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. வடக்கு முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் அவ்வாறு வெளியேற்றப்பட்டனர். எங்கள் வாப்பாவின் இரும்புக் கடையும் அன்று போயிற்று. புத்தளத்து முகாமில் இருந்தபோது சரக்கைப் பற்றி வாப்பா அதிகம் பேசியதில்லை. கடன் கொப்பியைப் பற்றித்தான் பேசுவார். "சரக்குப் போனா வாங்கலாம். நம்மள நம்பித் தந்தவங்கட கணக்கும் போயிட்டே" என்பார். அதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

யுத்தம் முடிந்த பின் நான் திரும்பி வந்து கடை திறக்க முயன்றபோது, வங்கியொன்றில் பிணைக்கு இரண்டு அரச ஊழியர்களையும் காணி உறுதியையும் கேட்டார்கள். உறுதி 1990இலேயே தொலைந்துவிட்டது. இருபது வருடங்களுக்கு மேல் ஊரில் இல்லாத எனக்குப் பிணை நிற்க யார் வருவார்?

கைகொடுத்தது பள்ளிவாசலைச் சார்ந்த சில வியாபாரிகள் சேர்ந்து நடத்திய சிறிய கர்ழ் ஹஸன் நிதி. வட்டியில்லாமல் 50,000 ரூபா தந்தார்கள். மாதம் 5,000 வீதம் பத்துத் தவணைகளில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையில் ஒரு இரும்புக் கடையின் அரை இறாக்கை கூட நிரம்பாது. ஆனால் நிதியை நடத்திய ஹாஜியார் ஒருவர் என்னைக் கொழும்பு பழைய சோனகத் தெருவுக்கு அழைத்துச் சென்று, மொத்த வியாபாரி ஒருவரிடம் "இவருக்கு நான் பொறுப்பு" என்றார். முப்பது நாள் தவணையில் சரக்கு கிடைத்தது. அந்த ஒரு வார்த்தை 50,000 ரூபாவை விடப் பெரிய முதல்.

நான்காவது மாதம் தவணை கட்ட முடியவில்லை. அது இந்திய வீட்டுத் திட்ட வேலைகள் நடந்த காலம். வீடு கட்டுவோருக்குப் பணம் கட்டம் கட்டமாகவே வரும். "அடுத்த கட்டப் பணம் வந்ததும் தாறம்" என்று கம்பியும் ஆணியும் கடனுக்கு எடுத்துச் சென்றார்கள். வியாபாரம் நடந்தது, கல்லாவில் காசு இல்லை. வெட்கத்தில் ஹாஜியாரைக் காணாமல் ஒளிந்து திரிந்தேன்.

அவர் கடைக்கே வந்துவிட்டார். மேலும் கடன் தரவில்லை, கோபிக்கவும் இல்லை. கொப்பியைக் கேட்டார். அரை நாள் உட்கார்ந்து, வரவேண்டிய பணத்தை ஆள்வாரியாக எழுதவைத்தார். "பாதிக் காசு கைக்கு வராமச் சரக்கு வெளிய போகக் கூடாது. மிச்சத்துக்குத் திகதி போட்டுக் கையெழுத்து வாங்குங்க" என்றார். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி அல்பகறா 282ஆம் வசனம் பணிப்பதை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கடைக் கொப்பியில் அதை நான் செய்தது அன்றுதான். கஷ்டத்திலிருப்பவருக்கு அவகாசம் கொடுக்கும்படி அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னர் சொல்லப்பட்டதை அவர் செய்தார். எனக்கு இரண்டு மாத அவகாசம் தந்தார். கடன் முழுவதும் அடைந்தது.

நமது ஊர்களில் சுயதொழில் உதவி என்றால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? மேடை போட்டுத் தையல் இயந்திரம் கொடுக்கிறோம், படம் எடுக்கிறோம், அதன் பின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. துணி எங்கே வாங்குவது, தைத்ததை யாரிடம் விற்பது என்று கேட்க ஆளில்லாததால் இயந்திரம் மூலையில் தூங்குகிறது. மறுபக்கம் வடக்கில் நுண்கடன் என்ற பெயரில் கிழமைக்குக் கிழமை வட்டியோடு அறவிட்டதன் முடிவையும் கண்டோம். 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுடைய சிறு கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியதாயிற்று. ஒன்றில் கேள்வியே இல்லை, மற்றதில் இரக்கமே இல்லை.

இரண்டுக்கும் நடுவில் வழி உண்டு. பாகிஸ்தானில் டாக்டர் அம்ஜத் சாகிப் 2001இல் லாகூரில் தொடங்கிய அகுவத் அமைப்பின் முதற் கடன் 10,000 ரூபா மட்டுமே. வட்டியில்லாத கடனைப் பள்ளிவாசலில் வைத்துச் சமூகத்தின் முன்னிலையில் கொடுத்தார்கள். இன்று அது நாடு முழுவதும் பரந்துள்ளது. 2021இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

வியாபாரச் சகோதரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நிதிக்குப் பணம் கொடுங்கள். அத்துடன் நின்றுவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு புதியவரைப் பொறுப்பெடுங்கள். உங்களுக்குச் சரக்குத் தருபவரிடம் அவரை அறிமுகப்படுத்துங்கள். மாதம் ஒரு முறை அவர் கொப்பியைப் பாருங்கள். ஸகாத்தை இதனுடன் கலக்க வேண்டாம். அது திருப்பிக் கேட்கும் கடனல்ல, உரியவரின் உரிமை. கடனில் மூழ்கியவருக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறக்கவும் வேண்டாம்.

அந்த வாலிபருக்கு ஒரு இலட்சம் கொடுக்கவில்லை. நிதியிலிருந்து 40,000 ரூபாவுக்கு ஏற்பாடு செய்தேன். பாடசாலைச் சீருடைத் துணியை அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கிறது, தையற்கூலி பெற்றோருடையது. அந்த வேலையை முதலில் பிடிக்கச் சொன்னேன். பிறகு துணிக்கடை முதலாளி ஒருவரிடம் அழைத்துப் போய், "இவருக்கு நான் பொறுப்பு" என்றேன்.

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஹாஜியாருக்கும் அன்று அப்படித்தான் இருந்திருக்கும்.